குறுக்கே நின்ற கம்பி

மிதிவண்டியை உற்றுப் பார்த்ததுண்டா, தோழர்களே? இரண்டு உருளைகள், இரண்டு மிதிகட்டைகள், ஒரு சங்கிலி, ஓர் இருக்கை, ஒரு கைப்பிடி. இவ்வளவுதான் வண்டி. ஆணுக்கென்று செய்த வண்டியில் மட்டும் இன்னொன்று உண்டு. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக ஓடும் கம்பி. பட்டறையிலே அதனை 'பார்' என்பார்கள். பெண்ணுக்கென்று செய்த வண்டியிலே அந்தக் கம்பி தாழ்ந்து, சரிந்து, கீழே இறங்கிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு? பெண்ணின் காலுக்கு வலுவில்லையா? வயல் வரப்பிலே நாள் முழுதும் நிற்கும் கால் அது! அவள் தோளுக்கு உறுதியில்லையா? இடுப்பில் ஒரு குடமும் தலையில் இரு குடமுமாக நீர் சுமந்த உடல் அது! உடலை அளந்து இந்த வேறுபாட்டை யாரும் செய்யவில்லை. உடையை அளந்து செய்தார்கள். கணுக்கால்வரை தொங்கும் ஆடையோடு அவள் காலைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே கம்பியைத் தாழ்த்தினார்கள். ஆடையை மாற்றுவதைவிட எஃகை வளைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது! வழக்கம் எஃகைவிடக் கடினமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தக் கம்பியின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். அது ஐரோப்பாவில் தொடங்கி, அம்பத்தூர் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போய், மீண்டும் நம் வீட்டு வாயிலிலே வந்து நிற்கும் கதை.

* * *

சென்னைக்கு மேற்கே, பாடியைக் கடந்து திருவள்ளூர் நெடுஞ்சாலையில் செல்வோர் அம்பத்தூரைக் காண்பர். மேலும் சென்றால் ஆவடி. அங்கிருந்து தெற்கே திரும்பினால் பூவிருந்தவல்லி. ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்த வட்டாரத்தில், 1949ஆம் ஆண்டில் ஒரு தொழிலுக்கு வித்திடப்பட்டது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து, டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தை அம்பத்தூரிலே தோற்றுவித்தன. ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று, சீமைப் பெயர் தாங்கிய வண்டிகள் தமிழ்த் தொழிலாளியின் கையால் உருப்பெற்றன. 1955இல் ஆவடியிலே டியூப் புராடக்ட்ஸ் என்னும் எஃகுக் குழாய்த் தொழிற்சாலை எழுந்தது. மிதிவண்டியின் எலும்பே குழாய்தானே!

அதே ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ஒரு வட்டாரம், இருவகை வண்டி. ஒன்று எல்லையைக் காக்க, மற்றொன்று எல்லையைக் கடக்க! டாங்கிக்கு அணிவகுப்பு உண்டு, வணக்கம் உண்டு, வரலாற்று ஏட்டிலே இடம் உண்டு. மிதிவண்டிக்கு? வீட்டுத் திண்ணை ஓரம்தான் கிடைத்தது. ஆயினும் வீட்டு வாயிற்படி என்னும் எல்லைக்கோட்டைக் கடக்கப் பெண்ணுக்குத் துணைநின்ற வண்டி எது என்று கேட்டால், வரலாறு அந்தத் திண்ணையைத்தான் சுட்டிக்காட்டும்.

* * *

மேலை நாட்டுக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கே எல்லாம் தானாகக் கனிந்தது, இங்கேதான் தடை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அது பிழை.

1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் டிரைஸ் என்பார் மரத்தால் ஓர் இருசக்கர ஓட்டப்பொறியைச் செய்தார். மிதிகட்டை இல்லை, தரையை உதைத்து ஓடவேண்டும். 1860களில் பிரான்சிலே மிதிகட்டை வந்தது. பின்னர் முன்னுருளை ஆள் உயரம் வளர்ந்த வண்டிகள் வந்தன. ஏறினால் வீரம், விழுந்தால் எலும்பு முறிவு. 1885இல் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரிலே ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு உருளையையும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைத்து, பின்னுருளையைச் சங்கிலியால் இயக்கும் ரோவர் வண்டியை வெளியிட்டார். இன்று நாம் ஏறும் வண்டி அதன் வழித்தோன்றல்தான். 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலை ஒன்று பிற்காலத்தில் அம்பத்தூரிலும் நெடுங்காலம் இயங்கியது என்பது நம் கதைக்குக் கிடைத்த சுவையான முடிச்சு.

வண்டி பாதுகாப்பானது, விலையும் இறங்கிற்று. பெண்கள் ஏற விரும்பினர். தடுத்தது எது? முதலில் உடை. அன்றைய சீமாட்டியின் உடை, உடையன்று, சுமை! பாவாடைக்குமேல் பாவாடை, இடுப்பை இறுக்கும் கச்சு, தரையைப் பெருக்கும் விளிம்பு. 1881இல் லண்டனில் தோன்றிய பகுத்தறிவு உடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகளின் எடை ஏழு பவுண்டுக்கு மேற்படக்கூடாது என்று கோரியது. ஏழு பவுண்டு என்றால் மூன்று கிலோவுக்கும் மேல்! சீர்திருத்தக்காரர் கேட்ட குறைந்த அளவே இதுவென்றால், பழைமை சுமத்திய அளவு என்னவாக இருந்திருக்கும்!

வண்டி செய்தோர் இந்தப் பாவாடைக்கு வழிசெய்தனர். கம்பியைத் தாழ்த்தினர். பின்னுருளையிலே ஆடை சிக்காதிருக்க வலை பின்னினர். சங்கிலிக்கு மூடி போட்டனர். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே, இன்றும் பயன்படுபவையே. ஆனால் அவற்றின் பிறப்பு வசதியிலே அன்று, வழக்கத்திலே நிகழ்ந்தது என்பதை மறவாதிருப்போம்.

அடுத்து வந்தது மருத்துவத்தின் பெயரால் மிரட்டல். மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் முகம் இறுகிக் கோணி அழகிழந்துபோகும் என்றனர். அந்த 'நோய்க்கு' மிதிவண்டி முகம் என்று பெயரும் சூட்டினர்! 1890களின் ஏடுகள் அந்தப் பேச்சால் நிரம்பின. ஆண்டுகள் உருண்டன, பெண்கள் ஓட்டினர், முகங்கள் முகங்களாகவே இருந்தன. நோய் மட்டும் காணாமற்போயிற்று.

கேம்பிரிட்ஜ்! அறிவுக்கோயில் என்று உலகம் புகழும் பல்கலைக்கழகம்! பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வும் எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. பட்டம் வழங்கலாமா என்று 1897ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் ஒரு பொம்மை செய்து தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டனர். என்ன பொம்மை தெரியுமா? மிதிவண்டி மீதமர்ந்த பெண்! படித்த பெண்ணை இழிவுபடுத்த அவர்களுக்குக் கிடைத்த அடையாளம் மிதிவண்டிதான். கோரிக்கை தோற்றது. பொம்மையைக் கிழித்தெறிந்து கொண்டாடினர் கற்றறிந்த இளைஞர்கள். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது எப்போது? 1948இல்! ஐம்பத்தோராண்டு காத்திருந்தாள் பெண்.

1898இல் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்திலே இன்னொரு நிகழ்ச்சி. ஹார்பர்ட்டன் சீமாட்டி, பகுத்தறிவு உடைச் சங்கத்தை நிறுவியோரில் ஒருவர், கால்சட்டை போன்ற அகன்ற உடையணிந்து மிதிவண்டியில் சென்றார். வழியிலே ஒரு விடுதியில் உணவு கேட்டார். காப்பிக் கூடத்திலே இடமில்லை, ஆடவர் குடிக்கும் அறையிலே வேண்டுமானால் உண்ணலாம் என்றனர். வழக்கு 1899இல் நீதிமன்றம் ஏறியது. சீமாட்டியின் பக்கம் தோற்றது. பட்டமும் செல்வமும் படைத்தவளுக்கே இந்தக் கதி!

பட்டமும் செல்வமும் இல்லாதவளுக்கு? அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே கிட்டி நாக்ஸ் என்னும் தையற்காரப் பெண் இருந்தாள். தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். தானே தைத்த உடையணிந்து மிதிவண்டி ஓட்டிப் புகழ்பெற்றாள். அந்நாட்டின் மிதிவண்டிக்காரர் சங்கம் 1894இல், வெள்ளையருக்கே இனி உறுப்பாண்மை என்று விதி செய்தது. அதற்கு முன்பே உறுப்பினரான கிட்டி, 1895இல் ஆஸ்பரி பார்க் மாநாட்டுக்குத் தன் அட்டையோடு போய் நின்றாள். சாலையில் ஓடும் உருளைக்கு நிறம் தெரியாது. சங்கத்தின் கதவுக்குத் தெரிந்திருக்கிறது! அந்த விதியைச் சங்கம் முறைப்படி கைவிட்டதோ 1999இல். பெண் என்னும் தடையைத் தாண்டினாலும் பிறப்பு என்னும் தடை நிற்கும் என்பதைச் சேரிக்கும் ஊருக்கும் இடையே கோடு கிழித்த நாட்டிலே பிறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே 1894இல் ஆனி லண்டன்டெரி என்ற பெயர் சூடிய ஒரு தாய், மூன்று குழந்தைகள் பெற்றவள், உலகைச் சுற்றப் புறப்பட்டாள். புறப்படும்போது அவளிடம் இருந்தது பெண்கள் வண்டி. எடை 42 பவுண்டு. நீண்ட பாவாடை. சிகாகோ சேர்வதற்குள் தெரிந்துவிட்டது, இது கூடாதென்று. ஆண்கள் வண்டி ஒன்றை எடுத்தாள், எடை பாதியாயிற்று. பாவாடையைக் களைந்து கால்சட்டை அணிந்தாள். 1895இல் பயணத்தை முடித்துத் திரும்பினாள். குறுக்குக் கம்பியைக் கண்டு அவள் அஞ்சவில்லை; அஞ்சவேண்டியது பாவாடையின் எடைக்கே என்று கண்டுகொண்டாள். மறுஆண்டு, வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோணி, பெண்ணின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட மிகுதியாக உதவியது மிதிவண்டி என்று செய்தியாளரிடம் கூறினார். வாக்குரிமைக்காக வாழ்நாளை ஈந்தவரின் சொல் அது!

* * *

இனி நம் நாடு.

நம் ஊர்களிலே மிதிவண்டி வெள்ளைக்காரன் வீட்டிலும் செல்வர் வீட்டிலும் முதலில் நுழைந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949இல் அம்பத்தூர், 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று தொழிற்சாலைகள் பெருகின. வண்டி எளியவன் கைக்கு வந்தது. பால்காரர், அஞ்சல்காரர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளி என எல்லோருக்கும் அதுவே தேர். தெருமுனையிலே வாடகை சைக்கிள் கடை. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. கால் எட்டாத சிறுவன் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டான். விழுந்தான், முழங்காலைத் தேய்த்தான், எழுந்தான். ஊர் சிரித்தது, உற்சாகப்படுத்தியது.

அவன் தமக்கை? வாயிற்படியிலே நின்று பார்த்தாள்! அவளுக்கும் வண்டியிலே இடம் உண்டு, பின்னாலே! கேரியரில், ஒருபுறமாகக் காலைத் தொங்கவிட்டு, கணவன் முதுகைப் பற்றிக்கொண்டு! எஃகுக் குழாய் வார்த்த ஊரிலும் இதுதான் நிலை. ஏர் உழுத ஊரிலும் இதுதான் நிலை. தொழிற்சாலை வண்டியைத்தான் செய்யும்; அதிலே யார் ஏறுவது என்பதைச் செய்வது சமுதாயம்.

அந்தச் சமுதாயத்தை அசைத்தது எங்கே? சென்னையிலா? கோவையிலா? இல்லை! வறண்ட பூமி என்று பெயரெடுத்த புதுக்கோட்டையிலே!

புதுக்கோட்டை முன்பும் ஒரு முறை வழிகாட்டிய ஊர்தான். 1886இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராசர் கல்லூரியிலே இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை மீறிப் படித்தார், 1912இல் மருத்துவரானார், பின்னர் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்து தேவதாசி முறைக்கு எதிராக வாதாடினார். ஒரு பெண் ஒரு வாயிலைத் திறந்த ஊர் அது. ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, அதே மாவட்டத்திலே ஒரு லட்சம் பெண்கள் இன்னொரு வாயிலைத் திறந்தார்கள்.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவில்லாதோருக்கு எழுத்தறிவிக்கும் பெருமுயற்சி. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். உள்ளடங்கிய சிற்றூர்களுக்குப் பெண் தொண்டர்கள் போய்ச் சேர வழியென்ன என்ற கேள்வி எழுந்தது. பேருந்து வராது, வந்தாலும் நிற்காது. தொண்டருக்கு மிதிவண்டி கற்பிக்கலாம் என்றார் ஆட்சியர். தொண்டர் கற்றதும், பயிலும் பெண்களும் எங்களுக்கும் கற்றுத் தாருங்கள் என்றனர். எழுத்தும் எண்ணும் போலவே உருளையும் பாடத்திட்டத்தில் ஒன்றாயிற்று! ஞாயிற்றுக்கிழமைகளிலே ஊர் மைதானத்திலே பயிற்சி. சைக்கிள் பழக அழைக்கும் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. வயலில் உழைப்போர், கல்லுடைப்போர், செவிலியர், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிச் சிறுமியர், வெளியில் வர அஞ்சிய இசுலாமியப் பெண்கள் என எல்லோரும் ஏறினர்.

ஏச்சு இல்லாமலா? இருந்தது. தெருவிலே நின்று இழிசொல் வீசினர். கேட்டவள் நின்று வாதாடவில்லை; மிதித்தாள்; ஏச்சு பின்தங்கியது! 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500 பெண்கள் கைப்பிடியிலே கொடி கட்டி, மணியடித்துப் புதுக்கோட்டை நகர வீதிகளிலே வலம் வந்தனர். செய்தியாளர் பி. சாய்நாத் அங்கே சென்று நேரில் கண்டு எழுதினார்: மாவட்டத்திலே கற்றுக்கொண்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல், பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், சிற்றூர்ப் பெண்களிலே நான்கில் ஒருவர்!

பலன் என்ன? விளைபொருளைக் கட்டி வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்தவள் சந்தைக்குத் தானே சென்றாள். ஒரு ஊரில் விற்றவள் நான்கு ஊரில் விற்றாள். குழந்தையை முன்னே அமர்த்தி, நீர்க்குடத்தைப் பின்னே கட்டி, பிறர் துணை கேளாமல் சென்றாள். காசு கூடியது உண்மை. அதனினும் மேலாக, போகட்டுமா என்று கேட்டவள், போய்வருகிறேன் என்று சொல்லத் தொடங்கினாள். இரண்டு சொற்றொடருக்கும் இடையே எத்தனை நூற்றாண்டு!

இனி அந்தக் கம்பிக்கு வருவோம். கற்றவர் தொகை பெருகப் பெருகப் பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் வண்டியை எடுத்தனர். எடுத்தபின் பலர், இதுவே நல்லது என்றனர்! ஏன்? குறுக்குக் கம்பியின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாமே! தோழர்களே, பாருங்கள்! எந்தக் கம்பி பெண்ணுக்கு ஆகாது என்று சீமையிலே நூறாண்டுக்கு முன்னே வளைத்துத் தாழ்த்தினார்களோ, அந்தக் கம்பியையே புதுக்கோட்டைத் தாய் தன் பிள்ளைக்கு இருக்கையாக்கிக் கொண்டாள். பயன் கருதிப் பார்த்தவளுக்குத் தடையும் துணையாயிற்று. பகுத்தறிவு என்று நாம் மேடையிலே முழங்குவதை அவள் சாலையிலே செய்து காட்டினாள்.

* * *

புதுக்கோட்டை காட்டிய வழியைப் பின்னர் அரசுகள் மேற்கொண்டன. தமிழ்நாட்டிலே 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்பட்டது. பின்னர் 2005-06இல், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் எல்லாப் பிரிவினருக்கும் விரிந்தது. பீகாரிலே 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கென ஒரு திட்டம் வந்தது. அதனை ஆராய்ந்த பொருளியலறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாசும், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதிலே சேரும் பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டனர். பெண்ணுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று பேசியவர் எங்கே? நாட்டம் இருந்தது, பள்ளிதான் தொலைவில் இருந்தது!

ஆயினும் ஒரு கேள்வி உறுத்துகிறது. பதினாறு வயதிலே ஓட்டியவள் இருபத்தாறில் ஓட்டுகிறாளா? மணமானபின் அவள் வண்டி யார் கையில்? மாணவி ஓட்டினால் மகிழும் ஊர், மருமகள் ஓட்டினால் முகஞ்சுளிப்பதேன்? இங்கேதான் பழைய மூடநம்பிக்கைகள் புதுவேடம் பூண்டு நிற்கின்றன. மிதிவண்டி ஓட்டினால் கருப்பைக்குக் கேடு என்பர். நலமுடைய உடலுக்கு அத்தகைய கேடு எதுவும் இல்லை. சூலுற்ற காலத்தில் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடப்பது அறிவு. கன்னிமை போய்விடும் என்றுகூடக் காதோடு காதாக ஓதுவர். உடலைப் பார்த்துக் கன்னிமையைக் கண்டறியும் சோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவுமே இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. இல்லாத ஒன்றுக்கு அஞ்சி, இருக்கின்ற வண்டியைத் துருப்பிடிக்க விடுவதா?

பேச்சு போதும். ஓட்ட விரும்பும் தங்கைக்கும் தமக்கைக்கும் பயன்படும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கொள்கை முழங்கும் ஏட்டிலே பிரேக்கும் செயினும் எதற்கு என்று நகைக்காதீர்கள். வண்டியைப் பற்றிய அறிவு இல்லாதவள், பழுது நேரும்போது மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும்.

முதலில், கற்றல். இருக்கையை நன்றாகத் தாழ்த்தி, இரு பாதமும் தரையில் படுமாறு வையுங்கள். பெடலைத் தொடாமல் தரையை உந்தி உந்திச் செல்லுங்கள். 1817இல் டிரைஸ் செய்த பொறியை ஓட்டிய முறை அதுவே! பாதத்தைத் தூக்கிச் சிறிது தொலைவு வழுக்கிச் செல்ல வந்துவிட்டால் சமநிலை வந்துவிட்டது. பிறகு மிதிப்பது எளிது. பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்து ஓடிவர வேண்டியதில்லை. நாற்பது வயதிலும் இம்முறையால் கற்கலாம்.

இரண்டாவது, அளவு. பழகியபின் இருக்கையை உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்கவேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கும், அதுவே சரி. தாழ்ந்த இருக்கையில் நாளும் ஓட்டி முழங்கால் வலித்தோர் வண்டியைப் பழிப்பர். பிழை வண்டியில் இல்லை. இருக்கை சற்று அகலமாக, மட்டமாக இருக்கட்டும். முன்முனை மேல்நோக்கினால் வலி வரும்.

மூன்றாவது, உடை. சுரிதாரோ கால்சட்டையோ எளிது. துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி முடிச்சிடுங்கள். தொங்கும் முனை பின்னுருளையில் சிக்கினால் உயிருக்கே கேடு. சேலையானால் முந்தானையை இடுப்பிலே செருகி, கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். சங்கிலிக்கு முழு மூடியும் பின்னுருளைக்கு ஆடைக்காப்பு வலையும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். கம்பி வேண்டுமா வேண்டாவா என்பதை உங்கள் தேவையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் சொல்லைக் கொண்டு அன்று.

நான்காவது, வண்டியின் நலம். புறப்படுமுன் மூன்று நொடி போதும்: டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் காற்று போதாது. இரு பிரேக்கையும் பிடியுங்கள். பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டால் கம்பியை இறுக்கவேண்டும். சங்கிலியை விரலால் தூக்குங்கள். ஓரங்குலத்துக்குக் குறைவாக அசைந்தால் நன்று. மாதம் ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மிகுந்த எண்ணெய் தூசியைச் சேர்க்கும். பையிலே ஒரு சிறு பம்பு, ஒட்டுத்துண்டு, பசை, டயர் நெம்பும் கரண்டி இருந்தால் பஞ்சர் கடையைத் தேடி வெயிலில் தள்ளிச் செல்லும் துன்பம் இல்லை.

ஐந்தாவது, சாலை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிச் சாலைகளிலே சரக்குந்துகள் மிகுதி. லாரியின் இடப்பக்கம் ஒட்டிச் செல்லாதீர்கள். ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அது இடப்புறம் திரும்பினால் தப்ப வழியில்லை. பின்தங்கி நில்லுங்கள். நின்றிருக்கும் காருக்கு ஒரு கை நீளம் விலகிச் செல்லுங்கள், கதவு திறக்கலாம். தண்டவாளத்தை நேர்க்குறுக்கே கடங்கள். சாய்வாகச் சென்றால் உருளை இடுக்கிலே விழும். மழைநீர் தேங்கிய இடத்திலே ஆழம் அறியாமல் இறங்காதீர்கள். திரும்புமுன் கையை நீட்டிக் காட்டுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். இருளில் முன்னே வெள்ளொளியும் பின்னே செவ்வொளியும் வேண்டும். டைனமோ மறைந்துவரும் காலம் இது. மின்கல விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. இரு பிரேக்கையும் ஒருசேரப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் சட்டென்று இறுக்கினால் தலைகீழாக வீழ்வீர்கள்.

சுமையைக் கேரியரின் இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். வெயில் நாளில் நீர் எடுத்துச் செல்லுங்கள். நடந்தால் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும் கால், அதே உழைப்பில் மிதிவண்டியிலே அதைப்போல் மூன்று மடங்கு போகும். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு அரைமணி நேரத்தில் சென்றுவிடலாம். எரிபொருள் செலவு இல்லை. எவர் அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, ஆடவத் தோழர்களுக்கு. பெண்விடுதலை பற்றி மேடையில் முழங்கிவிட்டு வீட்டிலே வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் நாம், நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தாய்க்கு ஓட்டத் தெரியுமா? தங்கை பள்ளியில் பெற்ற வண்டி இன்று எங்கே? திண்ணையிலே கிடந்தால், வரும் ஞாயிறன்று அதைத் துடைத்து, காற்றடித்து, எண்ணெயிட்டு, அவளிடம் கொடுங்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடவேண்டாம்; எட்ட நின்று பார்த்தால் போதும்.

எஃகு வளைந்து கொடுத்தது. ஏச்சும் பின்தங்கியது. குறுக்கே நிற்பது இனி எந்தக் கம்பி? அது நம் வீட்டுக்குள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம்.